ஹேமக்கில் மேட் போட்டும் தூக்கம் வரவில்லையா? எங்கே குளிர்கிறது, எங்கே வலிக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

பகலில் ஹேமக்கில், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே கட்டும் துணிப் படுக்கையில், சாய்ந்தால் ஐந்து நிமிடத்தில் கண் சொக்கும். அதே ஹேமக்கில் ராத்திரி படுத்துப் பாருங்கள், மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து எப்போது விடியும் என்று காத்திருப்பீர்கள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்தபோது என் மச்சானுக்கு அப்படித்தான் ஆனது. டிசம்பர் மாதம். நல்ல ஸ்லீப்பிங் பேக், தலையில் மங்கி கேப், காலில் இரண்டு சாக்ஸ். இருந்தும் நடுராத்திரியில், "மாப்ள, மேலே கதகதன்னுதான் இருக்கு. முதுகுக்குக் கீழேதான் யாரோ ஐஸ் கட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று குரல் கொடுத்தார்.

காரில் கிடந்த ஃபோம் மேட்டை எடுத்து வந்து அவர் முதுகுக்கு அடியில் செருகினோம். குளிர் விட்டது. அரை மணி நேரத்தில் மேட் நழுவிக் காலடிக்குப் போனது. இழுத்துச் சரிசெய்தால் தோள் சில்லிட்டது. தோளை மூடினால் முழங்கால் வலித்தது. விடியும்வரை இப்படியே ஒன்று போனால் இன்னொன்று. அன்றைக்குப் பட்டதையும் அப்புறம் பல பயணங்களில் கற்றதையும் வைத்து எழுதியது இது. உங்களுக்கு எது தொந்தரவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதைத் தொடும் முன்பும்: கட்டு சரியா?

மேட் சரியில்லை என்று வருகிற புகார்களில் நிறைய, கட்டு சரியில்லாததால் வருபவை. கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினால் படுக்கை தட்டையாக இருக்கும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. துணியின் இரண்டு ஓரமும் மேலேறி உங்களை அவரைக்காய்க்குள் விதை மாதிரி மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் மேட் நீளவாக்கில் மடிந்து தொன்னையாகிவிடும்.

மரத்தைச் சுற்றிக் கட்டி ஹேமக்கைத் தொங்கவிடும் நாடாப் பட்டை, கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்து இறங்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டி, கட்டைவிரலை நேராக மேலே தூக்குங்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து ஆள்காட்டி விரல் நுனிக்கு ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய அந்தச் சாய்வுதான். பட்டை அந்தக் கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சொகுசுக்காக மட்டும் சொல்லவில்லை. 70 கிலோ ஆள் படுத்தால், 30 டிகிரியில் ஒவ்வொரு பக்கப் பட்டையும் 70 கிலோ இழுவிசையைத் தாங்கினால் போதும். 10 டிகிரிக்கு விறைத்துக் கட்டினால் அது 200 கிலோவாக ஏறிவிடும். நடுராத்திரி தையல் பிரிவதற்கும் மெல்லிய மரம் வளைவதற்கும் இதுதான் காரணம்.

ஹேமக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து மேலே ஒரு நூல் கட்டிவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே தொய்வு கிடைக்கும். நூலின் நீளம் ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 3.35 மீட்டர் ஹேமக் என்றால் 2.78 மீட்டர். கால் பக்க முனையை ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், தூக்கத்தில் காலடிக்குச் சறுக்க மாட்டீர்கள்.

கடைசியாக, கோணலாகப் படுங்கள். தலை வலது ஓரத்துக்கு என்றால் கால் இடது ஓரத்துக்கு. நேராகப் படுத்தால் வாழைப்பழம். கோணலாகப் படுத்தால் உடம்பு கிட்டத்தட்டத் தட்டையாகும். மேட்டையும் அதே கோணலில்தான் போட வேண்டும். இதைச் செய்யாமல் மேட்டை நடுவில் நேராகப் போட்டுவிட்டு அதன்மேல் கோணலாகப் படுத்தால், தலையும் காலும் மேட்டுக்கு வெளியே கிடக்கும்.

நம் ஊரில் தூளி கட்டுகிற பாட்டிகளுக்கு இதெல்லாம் புதிதில்லை. சேலையைத் தொய்வாகத் தொங்கவிடுவார்கள். குழந்தையின் மேல் துணி மூடிக்கொள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பு வைத்து விரிப்பார்கள். ஹேமக்குக்குள் அந்தக் கம்பின் வேலையை ஓரளவு மேட் செய்கிறது. அதன் அகலமும் விறைப்பும் துணியைப் பக்கவாட்டில் தள்ளி விரிக்கும், தோள் நெருக்கம் குறையும். மேட்டைக் குளிருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

"மேலே கதகதப்பு, முதுகும் இடுப்பும் மட்டும் சில்லென்று இருக்கிறது"

ஸ்லீப்பிங் பேக் உங்களைச் சூடாக்குவதில்லை. அதற்குள் உப்பியிருக்கும் பஞ்சில் சிக்கிய காற்று, உடம்புச் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அதன்மேல் படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிவிடும். உங்கள் முதுகுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே மிஞ்சுவது இரண்டு மூன்று மெல்லிய துணிதான். தரையில் படுத்தால் கீழே மண் இருக்கும், ஹேமக்குக்குக் கீழே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே முதுகு உணர ஆரம்பித்துவிடுகிறது. கொடைக்கானலில் ஜனவரி இரவு 8 டிகிரி அளவுக்கு இறங்கும். ஊட்டியில் உறைபனியே விழும். அங்கே அடியில் தடுப்பில்லாமல் படுப்பது வீம்பு.

நசுங்காத பொருள் வேண்டும். மூடிய நுரை (காற்றுக் குமிழ்கள் தனித்தனியாக மூடியிருக்கும்) ஃபோம் மேட்தான் முதல் தேர்வு. நல்ல மேட்டின் மேல் 'ஆர்' மதிப்பு என்று ஓர் எண் போட்டிருக்கும். எண் கூடினால் குளிர்த் தடுப்பு கூடும். முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தனித்தனி முறையில் அளந்துகொண்டிருந்தது. 2018இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 தரநிலைக்கு அப்புறம் ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடலாம். தெர்மாரெஸ்ட் இசட் லைட் சோல் மாதிரி 2 சென்டிமீட்டர் மடிப்பு மேட்டுக்கு 2.0. நம் மலைகளில் ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை வரைக்கும் என் அனுபவத்தில் அது தாராளம். கொடைக்கானல், ஊட்டி என்றால் இரண்டு மேட்டை அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டின் எண்ணையும் அப்படியே கூட்டிக்கொள்ளலாம்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், டிவி, பிரிட்ஜ் பெட்டிக்குள் சுற்றி வருமே வெள்ளை ஃபோம், ஈபிஈ, அது பேக்கிங் சாமான் கடைகளில் ஷீட்டாகக் கிடைக்கும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள். கனமே இருக்காது. சில பயணங்களில் அமுங்கித் தட்டையாகிவிடும், அப்போது இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். யோகா மேட் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கனமும் கூட, தடுப்பும் குறைவு. சில மேட்டில் ஒரு பக்கம் வெள்ளி நிறமாக இருக்கும், அந்தப் பக்கம் மேலேயா கீழேயா என்று சிலர் மணிக்கணக்காக வாதாடுவார்கள். வேலை செய்வது நுரையின் தடிமன்.

மேட் இருந்தும் குளிர்ந்தால் வரிசையாக மூன்றைப் பாருங்கள். இடுப்புக்கு நேரே மட்டும் குளிர்ந்தால் அங்கே ஃபோம் நசுங்கியிருக்கிறது, ஐம்பதுக்கு அறுபது சென்டிமீட்டரில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் இரட்டிப்பாக்குங்கள். முதுகு முழுக்கக் குளிர்ந்தால், உங்களுடையது பஞ்சு இல்லாத வெறும் காற்று மேட்டா என்று பாருங்கள். உள்ளே காற்று சுற்றிச்சுற்றி உடம்புச் சூட்டைக் கீழே கொண்டுபோய்க் கொட்டும். அந்த வகை மேட் மெத்தென்று இருக்கும், குளிருக்கு உதவாது. மூன்றாவது, காற்று. மேலே கூரையாகக் கட்டிய தார்ப்பாயைக் காற்று வரும் பக்கம் தாழ்த்தி இறக்கிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

"மேட் ஓரிடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது"

நைலான் மேல் நைலான், சோப்பு மேல் சோப்பு மாதிரி. புரண்டு படுத்தால் நீங்கள் ஒரு பக்கம், மேட் ஒரு பக்கம்.

இரட்டை அடுக்கு ஹேமக் என்றால் இரண்டு துணிக்கும் நடுவே மேட்டைச் செருகிவிடுங்கள், கதை முடிந்தது. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு என் ஒரே சிபாரிசு இதுதான். இருநூறு கிராம் கூடினாலும் இரட்டை அடுக்கு வாங்குங்கள். கொசு ஊசியும் இரண்டு துணியையும் மேட்டையும் தாண்டி வராது.

ஒற்றை அடுக்கு வைத்திருப்பவர்கள் மேட்டை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளே போடலாம். மேட்டும் பேக்கும் சேர்ந்தே நகரும், பிரியாது. ஒல்லியானவர்களுக்குச் சரி. என்னைப் போல் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்களுக்கு உள்ளே மூச்சு முட்டும். அப்படிப்பட்டவர்கள் பேக்கின் ஜிப்பை முழுக்கத் திறந்து போர்வையாக்கிக்கொள்வது மேல்.

எனக்கு நன்றாக வேலை செய்தது சமையலறை அலமாரியில் விரிப்பார்களே, ஓட்டை ஓட்டையான வழுக்காத ரப்பர் வலை விரிப்பு, அதுதான். இரண்டு உள்ளங்கை அகலத் துண்டுகள், ஒன்று தோளுக்கு நேரே, ஒன்று இடுப்புக்கு நேரே மேட்டுக்கு அடியில். அதுவும் இல்லையென்றால் குளியலறை ஓட்டை அடைக்கும் சிலிகானை மேட்டின் அடிப்பக்கம் பொட்டுப் பொட்டாக வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். சுருட்டும்போது லேசாக ஒட்டும், பரவாயில்லை.

எல்லாம் செய்தும் நழுவினால் நீங்கள் ஏறும் விதத்தில் தவறு. மேட்டைக் கோணலாக விரித்துவிட்டு, ஹேமக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இரண்டு கையாலும் துணியையும் மேட்டின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, நடுமேட்டில் உட்காருங்கள். முழுக் கனமும் இறங்கியதும் தலையைச் சாய்த்து, கடைசியாகக் காலைத் தூக்கிப் போடுங்கள். காலை முதலில் போட்டால் மேட் சுருண்டு உங்கள் முதுகுக்குப் பின்னால் முண்டாசாக நிற்கும். உட்கார்ந்தபோது கால் தரையில் பதிந்து, முழங்கால் செங்கோணத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உயரமாகக் கட்டியிருந்தால் ஏறுவதே சர்க்கஸ்.

"முதுகு சரி, தோளும் முழங்கையும் குளிர்கிறது"

சாதாரண மேட்டின் அகலம் சுமார் 50 சென்டிமீட்டர். தரையில் அது போதும், ஏனென்றால் அங்கே கை தரைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும். ஹேமக்கில் துணி தோளைச் சுற்றி ஏறி அணைத்துக்கொள்கிறது. அணைத்த இடத்திலெல்லாம் பேக்கின் பஞ்சு நசுங்கும், மேட்டோ அங்கே எட்டாது.

தோளுக்கு 75 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். எளிய வழி, 75க்கு 50 அளவில் ஒரு ஃபோம் துண்டை வெட்டி, பெரிய மேட்டுக்கு அடியில் தோள் உயரத்தில் குறுக்காகப் போடுவது. சிலுவை மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நீங்கள் படுத்ததும் துணியோடு சேர்ந்து மடங்கித் தோளை மூடும். தையல் தெரிந்தவர்கள் பழைய பெட்ஷீட்டில் மேட் நுழையும் உறை தைத்து, தோள் பக்கம் இரண்டு பைகள் வைத்து அவற்றில் ஃபோம் துண்டுகளைச் செருகலாம். தைத்துக் கொடுக்கச் சொன்னபோது எங்கள் தெருத் தையல்காரர் அந்தத் துணியை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது யார் போடுற சட்டை?" என்றார்.

ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் ஸ்வெட்டரையும் ஜெர்கினையும் மடித்து இரண்டு தோளுக்கும் வெளிப்பக்கம் செருகுங்கள்.

"காற்று மேட் உருட்டி விடுகிறது, நடுவில் முறுக்கிக்கொள்கிறது"

காற்றைக் குறையுங்கள். தரைக்கு ஊதுகிற அளவு ஊதினால் மேட் பலகை மாதிரி நிற்கும், ஹேமக்கோ வளைந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் நீங்கள் டியூபின் மேல் உட்கார்ந்த கதையாகிவிடும். பாதி ஊதி, உள்ளே போய்ப் படுத்து, அங்கிருந்தே வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். இடுப்பு துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடத்தில் மூடிவிடுங்கள். வால்வு தலைப் பக்கம் இருக்கும்படி மேட்டைப் போடுவது இதற்காகத்தான். காலடியில் இருந்தால் இருட்டில் மடங்கித் துழாவ வேண்டியிருக்கும்.

மடிப்பு மேட்டில் இந்தச் சிக்கலே இல்லை. சுருட்டும் ஃபோம் மேட் முதுகுக்கு நேரே மடிப்பு விழுந்து உறுத்தினால், அடிப்பக்கத்தில் பாதி ஆழத்துக்குப் பிளேடால் குறுக்குக் கீறல்கள் போடுங்கள், ஒரு சாணுக்கு ஒன்று. வளைவுக்கு இசைந்துகொடுக்கும்.

"முழங்கால் வலி, கெண்டைக்காலில் ஏதோ அழுத்துகிறது"

இவை இரண்டு வேறு நோய்கள். கோணலாகப் படுக்கும்போது கால் பக்கத் துணியில் ஒரு முகடு எழும்பும், அது கெண்டைக்காலில் அழுத்தும். குட்டையான ஹேமக்கில் இது அதிகம். 2.7 மீட்டர் ஹேமக்கில் ஐந்தே முக்கால் அடி ஆள் படுத்தால் கட்டாயம் வரும். மேட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி அந்த முகட்டின் மேல் போட்டால் அழுத்தம் பரவிக் குறையும். தலைக்கு மேட் போதாமல் போகும், அங்கே தலையணை இருக்கிறதே.

முழங்கால் வலி, கால் பின்பக்கமாக விறைத்து நீள்வதால் வருவது. துண்டையோ லுங்கியையோ சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். பத்து நிமிடத்தில் தெரியும். மேட்டுக்கு இதில் பங்கில்லை.

"காலையில் முதுகு நனைந்திருக்கிறது"

ஈரம் எங்கே என்று முதலில் தொட்டுப் பாருங்கள். உங்களுக்கும் மேட்டுக்கும் நடுவே ஈரம் என்றால் அது வேர்வை. மூடிய நுரை மூச்சு விடாது, முதுகு விட்ட ஆவி போக வழியில்லாமல் அங்கேயே தண்ணீராகிவிடும். மலையடிவாரத்தில், புழுக்கமான ராத்திரியில், மேட்டின் மேல் ஒரு பருத்தித் துண்டை விரித்தால் போதும். குளிர்ந்த இடத்தில் பருத்தி வேண்டாம், நனைந்தால் அதுவே ஐஸாகிவிடும். மெல்லிய ஃப்ளீஸ் விரிப்பு போடுங்கள். படுக்கும்போது வெக்கையாக இருந்தால் ஸ்வெட்டரோடு படுக்காதீர்கள், இரண்டு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மேட்டுக்குக் கீழே, ஹேமக் துணியில் ஈரம் என்றால், அதுவும் ராத்திரி மழை பெய்திருந்தால், தண்ணீர் மரத்திலிருந்து பட்டை வழியாக நடந்து வந்திருக்கிறது. தார்ப்பாய் ஓட்டை என்று அதைக் குறை சொல்லாதீர்கள். தார்ப்பாய் நிழலுக்கு உள்ளே, பட்டையில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். வரும் தண்ணீர் நூலைப் பிடித்து இறங்கிவிடும்.

"ராத்திரி ஊதியது காலையில் தொளதொளவென்று இருக்கிறது"

ஓட்டையாக இருக்க வேண்டும் என்றில்லை. 25 டிகிரியில் ஊதிய காற்று 10 டிகிரிக்கு இறங்கினால் கொள்ளளவில் 5 சதவீதம் சுருங்கும். படுக்கும் முன் ஒரு வாய் ஊதிவிடுங்கள். இடுப்பே ஹேமக் துணியில் முட்டும் அளவுக்கு இறங்கினால்தான் ஓட்டை. சோப்புத் தண்ணீரைத் தடவி நுரை எங்கே எழுகிறது என்று பாருங்கள், வால்வைச் சுற்றியும் பாருங்கள். நான் ஒருமுறை மேட்டை மூன்று தடவை ஒட்டியும் காற்று நிற்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஹேமக் துணியில் ஒரு முள் நுனி மட்டும் நின்றுகொண்டிருந்தது, ஒவ்வொரு ராத்திரியும் புது ஓட்டை. மேட்டை ஒட்டும் முன் ஹேமக்கின் உள்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு முறை தடவுங்கள்.

எப்போது மேட்டை விட்டுவிடலாம்

ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் அண்டர்குயில்ட் என்றொரு பஞ்சு மெத்தை இருக்கிறது. உங்கள் கனம் அதன்மேல் விழாததால் பஞ்சு நசுங்குவதில்லை. மேலே சொன்ன தொந்தரவுகளில் நிறைய அதில் வராது. மாதம் இரண்டு தடவை மலைக்குப் போகிறவர் வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று ராத்திரிக்கு அந்த விலை கொடுப்பதை நான் சொல்ல மாட்டேன். மேட்தான் முக்கியம் என்பவர்களுக்கு மேட்டை நடுவில் வைத்தே வடிவமைத்த ஹேமக்குகளும் உண்டு. நார்வேயின் அமோக் ட்ராமர் அப்படி. அதில் மரங்களுக்குக் குறுக்காகப் படுப்பீர்கள்.

மேட்டுக்கு இருக்கிற ஒரு வசதி அண்டர்குயில்ட்டுக்கு இல்லை. தோட்டத்துக்காரர், "அந்த மரத்துல மிளகுக் கொடி ஏத்தியிருக்கேன், கட்டாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டாலோ, இருக்கிறதெல்லாம் பட்டை உரியும் தைலமரமாகவோ காய்ந்த கிளை தொங்கும் மரமாகவோ இருந்தாலோ, மேட்டைத் தரையில் விரித்துப் படுத்துவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் அந்த யோசனை வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை அட்டைகள் மேட்டின் 'ஆர்' மதிப்பைப் பார்ப்பதில்லை. தனியார் தோட்டத்துக்கு உரிமையாளரையும், காட்டுக்கு வனத்துறையையும் கேட்காமல் எங்கேயும் கட்டாதீர்கள். காட்டெருமை தடம் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் மேட்டைச் சுருட்டியபடியே பரணில் போடாதீர்கள். நிழலில் ஒரு நாள் விரித்துக் காயவைத்து, தட்டையாகவோ தளர்வாகவோ வையுங்கள். காற்று மேட்டின் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும், ஊதிய மூச்சின் ஈரம் உள்ளே இருக்கும். என் பழைய மேட் ஒன்றை மூடி வைத்து நாலு மாதம் கழித்துத் திறந்தபோது, வால்விலிருந்து வந்த வாடையில் பூனை எழுந்து வெளியே போய்விட்டது.